பெயர் வாசிக்காத விருது

விருது விழா என்றாலே எனக்குக் குமட்டும். வெளிநாட்டு நாடகங்களுக்குப் பர்மிய மொழியில் சப்டைட்டில் போடுவது என் பிழைப்பு. காலேஜில் ஆங்கிலம் படித்துவிட்டு யாங்கோனில் உட்கார்ந்திருப்பவளுக்கு வேறு என்ன பெரிதாகக் கிடைத்துவிடும்? நாடகம் வராத வாரங்களில் எங்கள் ஆன்லைன் சேனல் அட்மின் ஏதாவது ஒரு விருது விழாவைத் தூக்கி என் தலையில் போடுவான். கோட் போட்ட ஒருவன் மேடையேறி, இதை நான் எதிர்பார்க்கவே இல்லை என்பான். அடுத்த நொடியே உள்பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுப்பான். எதிர்பார்க்கவில்லை என்றால் அந்தக் காகிதம் எப்படி வந்தது? கேட்கக்கூடாது. அழுகையையும் மூக்குறிஞ்சலையும் அடைப்புக்குறிக்குள் டைப் பண்ணிவிட்டு அடுத்த ஆளுக்குப் போக வேண்டும்.

இதில் அயர்லாந்துக்காரர்கள் தனி ரகம். தங்கள் நாட்டு சினிமாவுக்கும் டிவி நாடகத்துக்கும் வருஷா வருஷம் தேசிய விருது என்று ஒன்றை வைத்துக்கொண்டு, தங்களுக்குத் தாங்களே கொடுத்துக்கொள்வார்கள். சின்ன நாடு. மேடையில் இருப்பவனும் கீழே இருப்பவனும் ஒன்றாகப் படித்தவர்கள், ஒரே ஆளைக் கட்டிப் பிரிந்தவர்கள். தொகுப்பாளர் முன்வரிசையைக் கிண்டல் பண்ணுவார். முன்வரிசை பல்லைக் காட்டிக்கொண்டே கேமரா தன் பக்கம் இருக்கிறதா என்று ஓரக்கண்ணால் பார்க்கும். நம் ஆட்கள் கல்யாண வீடியோவில் செய்வதுதான். இவர்கள் அதைக் கொஞ்சம் நல்ல துணி போட்டுக்கொண்டு செய்கிறார்கள்.

இந்தக் கூத்து எங்கள் பபேடான் பேட்டை சர்ச் ஹாலுக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம் என் பெரியம்மாவின் மகள். அக்கா முதலில் பக்கத்துப் பேட்டை கியாக்டடாவில் ஒரு சலூனில் கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு படிக்கிறேன் என்று அயர்லாந்து போனாள். படித்து முடித்து, அங்கே ஒரு டிவி தொடரில் மேக்கப் வேலைக்குச் சேர்ந்தாள். பழைய காலத்துப் பண்ணைக் குடும்பம் ஒன்று பசியில் அழியும் கதை. அந்தத் தொடருக்கு நான்தான் சப்டைட்டில் போட்டேன். ஒன்பது மாதமாக மழை, சேறு, இருமல். ஆனால் மேக்கப் நன்றாகத்தான் இருந்தது. அது விருதுக்குப் பரிந்துரையானது. அக்கா போனில் பெரியம்மாவிடம், எங்க டீமுக்கு நாமினேஷன் வந்திருக்கு என்றாள். பெரியம்மா போனை வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டில், என் பொண்ணுக்கு விருது என்றாள். கீழ்வீட்டுக்குப் போவதற்குள் அது அரசாங்க விருதாகிவிட்டது.

பெரியம்மா இப்படிப் பறந்ததற்குக் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் ஊருக்கு வெளியே மாவ்பியிலிருந்து ஒரு ஆன்ட்டி பஸ் ஏறி எங்கள் சர்ச்சுக்குத் தமிழ்ப் பூசைக்கு வருவார். தோட்டத்துக் கீரையும் ஊர் வம்பும் ஒரே கூடையில் வரும். போன மழைக்காலத்தில் ஒருநாள் பூசை முடிந்து படியில் நின்றுகொண்டு, அங்கே போகிற பெண்கள் எல்லாம் கக்கூஸ் கழுவத்தான் போகிறார்கள், சொல்லிக்கொள்வதற்கு ஒரு மேக்கப் வேண்டும் இல்லையா என்று அந்த ஆன்ட்டி சொல்லியிருக்கிறார். அது தெருவைக் கடப்பதற்குள் பெரியம்மா காதுக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்து பெரியம்மா சர்ச்சில் முன்வரிசையில் உட்காருவதில்லை. பின்னால் தூணோரம் போய் உட்கார்ந்துவிட்டு, நற்கருணை வாங்கியதும் நேராக வீட்டுக்குப் போய்விடுவாள். இப்போது விருது வந்தால் மகளின் பெயரும் முகமும் ஊர் பார்க்கத் திரையில் வரும். மாவ்பி வாய் மூடும். பெரியம்மாவுக்கு வேண்டியது அவ்வளவுதான். வெள்ளிச் சிலையை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும்.

ஏற்பாடெல்லாம் சயா கையில். சயா என்றால் வாத்தியார். இவர் வாழ்நாளில் யாருக்கும் பாடம் நடத்தியதில்லை, ஒரு ஆபீசில் கிளார்க்காக இருந்து ரிட்டயரானவர். எங்கள் சர்ச் தமிழ்ச் சங்கத்துக்குச் செயலாளர். மைக்கைப் பிடித்தால் விடமாட்டார் என்பதால் அந்தப் பட்டம். மைக்கில் அவர் செய்வது ஒரே வேலை, பெயர் வாசிப்பது. திருவிழாவுக்கு யார் என்ன கொடுத்தாலும் வாசிப்பார். கட்டிப்பால் ஒரு டின், இன்னார். வெங்காயம் அரை வீசை, இன்னார். ஒவ்வொரு பெயருக்கும் ஹால் முழுக்க, இறைவனுக்கு நன்றி என்று சொல்ல வேண்டும். ஒரு பெயர் விட்டுப்போனால் அந்தக் குடும்பம் அடுத்த திருவிழாவரை ஹால் வாசலை மிதிக்காது. பர்மாக்காரர்கள் குடிதண்ணீர்ப் பானையில்கூட உபயகாரர் பெயர் எழுதுவார்கள், எங்கள் ஆட்கள் அவர்களையும் மிஞ்சிவிட்டார்கள். ஹாலில் ஒவ்வொரு ஃபேன் இறக்கையிலும் வாங்கிக்கொடுத்தவர் பெயர் சிவப்புப் பெயிண்டில் இருக்கிறது. ஃபேன் சுற்றும்போது படிக்க முடியாது. கரண்ட் போனதும் எல்லோரும் அண்ணாந்து படிக்கலாம். யாங்கோனில் கரண்ட் போவதால் யாருக்காவது நன்மை உண்டென்றால் அது அந்த உபயகாரர்களுக்குத்தான்.

சயா ஒரு வினைல் பேனர் அடித்தார். நடுவில் அக்காவின் பழைய பாஸ்போர்ட் போட்டோ. மேலே, விருது வென்ற நம் மகளுக்கு வாழ்த்துகள். ஓரத்தில் அயர்லாந்துக் கொடி. பேனர் கடைக்காரன் அயர்லாந்துக் கொடியை எங்கே பார்த்தான்? பச்சை, வெள்ளை, ஆரஞ்சு என்று சயா சொன்னதும் இந்தியக் கொடியை நட்டுக்குத்தாக நிறுத்திவிட்டான், சக்கரத்தோடு. நான் சொன்னேன். சக்கரம் இருந்தால் என்ன, கலர் சரியாகத்தானே இருக்கிறது என்றார் சயா.

பேனரைக் கட்டிக்கொண்டிருக்கும்போதுதான் நான் இன்னொன்றையும் சொன்னேன்.

"சயா, இந்த மாதிரி விருதெல்லாம் அவங்க டீம் ஹெட்டுக்குத்தான். மேடைக்கு அந்தம்மா மட்டும் போவாங்க. அக்கா பேரு வராது."

"விருதுன்னா பேரு வாசிப்பாங்கல்ல பாப்பா?"

"ஹெட்டு பேரு வாசிப்பாங்க."

"அப்ப வேலை செஞ்சவங்க பேரு?"

"வாசிக்க மாட்டாங்க."

சயா ஸ்டூலில் நின்றபடியே சிரித்தார். "அதெப்படி பேரு வாசிக்காம விருது குடுப்பாங்க? வெள்ளக்காரங்கம்மா அவங்க. ஒழுங்கு தெரிஞ்சவங்க. இந்தக் கயித்த இழு."

பெரியம்மாவிடமும் சொன்னேன். உன் வாயில் நல்ல வார்த்தையே வராதா என்று கேட்டுவிட்டுப் பட்டுச்சேலையை இஸ்திரி போடப் போய்விட்டாள். சரி, எனக்கென்ன.

அங்கே சனிக்கிழமை இரவு விழா என்றால் இங்கே ஞாயிறு விடிந்துகொண்டிருக்கும். VPN போட்டு, இருக்கிற கரண்டில் நான் வீடியோவை இறக்கி முடித்தபோது பூசைக்கு மணி அடித்துவிட்டது. முன்கூட்டியே பார்க்க நேரமில்லை. பூசை முடிந்ததும் மோஹிங்கா நூடுல்ஸ் கிண்ணங்களோடு கூட்டம் அப்படியே ஹாலுக்கு வந்தது. இன்வெர்ட்டரில் புரொஜக்டர். திரைக்கு ஒரு வெள்ளை வேட்டி, அதற்கும் ஒரு உபயகாரர். எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் மைக்கும். பெரியவர்களுக்குத் தமிழில் ஒரு வரி, தமிழ் சரியாகப் புரியாத பொடிசுகளுக்குப் பர்மிய மொழியில் ஒரு வரி என்று நான் சொல்லிக்கொண்டே போக வேண்டும். பெரியம்மா பல மாதங்களுக்குப் பிறகு முன்வரிசையில் உட்கார்ந்தாள். மாவ்பி ஆன்ட்டி அவளுக்கு நேர் பின்னால், காலுக்கடியில் கீரைக் கூடை.

தொகுப்பாளர் மழையைப் பற்றி ஒரு ஜோக் அடித்தார். தங்கள் டிவி நிலையத்தைப் பற்றி இன்னொன்று. யாரோ ஒரு நடிகரின் பழைய மனைவியைப் பற்றி இன்னொன்று. இதையெல்லாம் மொழிபெயர்க்க எனக்கு என்ன தலைவிதி? இவரு ஜோக் சொல்றாரு என்று மட்டும் மைக்கில் சொன்னேன். ஹால் மரியாதையாகச் சிரித்தது. அங்கேயும் அப்படித்தான் சிரித்தார்கள். அதில் இரண்டு நாட்டுக்கும் வித்தியாசம் இல்லை.

ஒலிப்பதிவு, உடை என்று வேகவேகமாகப் போனது. நடிகர்கள் என்றால் ஆளுக்கு ஒரு பிரசங்கம், வேலை செய்தவர்கள் என்றால் வா, வாங்கு, போ. பிறகு சிகை, ஒப்பனைக்கான விருது வந்தது. எங்கள் தொடரிலிருந்து ஒரு துண்டு காட்டினார்கள். கதாநாயகி சேற்றில் கிடக்கிறாள். உதடு வெடித்து, பல் கறுத்து, கன்னத்தில் சீழ் பிடித்த காயம்.

பின்னாலிருந்து ஒரு பெண் குரல். "இந்தப் பொண்ணுக்கு மேக்கப்பே போடலயே. இதுக்கா பரிசு?"

"அந்தக் காயம் எம் பொண்ணு ஒட்டுனது" என்றாள் பெரியம்மா, திரும்பாமலே.

"காயம் ஒட்டுறதுக்கா அவ்வளவு தூரம் போனா?" இது மாவ்பி ஆன்ட்டி.

அதற்குள் உறையைப் பிரித்துவிட்டார்கள். எங்கள் தொடர்தான். ஹால் எழுந்தே விட்டது. மோஹிங்கா யாரோ ஒருவரின் லுங்கியில் கொட்டியது. சயா பேனர் பக்கம் திரும்பி இரண்டு கையையும் விரித்துக் காட்டினார், அந்தக் காயத்தைத் தானே ஒட்டியது போல. பெரியம்மா மட்டும் உட்கார்ந்தே இருந்தாள். சேலை முந்தியை இழுத்துச் சரிபண்ணிக்கொண்டு திரையையே பார்த்தாள், மகள் வரப்போகிறாள் என்று.

பச்சை கவுனில் ஒரு அம்மாள் தனியாக மேடையேறினார். அக்காவின் மேலதிகாரி. அழுகை சரியான இடத்தில் வந்தது. தயாரிப்பாளருக்கு நன்றி, பெயரோடு. இயக்குநருக்கு நன்றி, பெயரோடு. தன் ஏஜெண்டுக்கு, தன் அம்மாவுக்கு. வீட்டில் தூங்காமல் காத்துக்கொண்டிருக்கும் தன் நாய்க்கு நன்றி, பெயரோடு, இரண்டு தடவை. அங்கே இருந்த சினிமாக் கூட்டம் நாய்க்குத்தான் பலமாகக் கை தட்டியது. கடைசியில், மேக்கப் வேனில் என்னோடு இருக்கும் என் அருமைப் பெண்களுக்கும் நன்றி, நீங்கள் யாரென்று உங்களுக்கே தெரியும் என்று சொல்லி ஒரு முத்தத்தைக் காற்றில் ஊதிவிட்டுப் போய்விட்டார்.

நான் அப்படியே மைக்கில் சொன்னேன். "மேக்கப் வேன்ல இருக்கிற என் பொண்ணுங்களுக்கும் நன்றி. நீங்க யாருன்னு உங்களுக்குத் தெரியும்."

ஹால் இன்னும் காத்துக்கொண்டிருந்தது. திரையில் அடுத்த விருது ஆரம்பித்துவிட்டது.

"அவங்களுக்குத் தெரியும், சரி" என்றார் ஒரு பெரியவர். "நமக்குத் தெரிய வேணாமா?"

சயா என்னைத்தான் பிடித்தார். "திரும்ப ஓட விடு பாப்பா. பேரு சொல்லியிருப்பாங்க. நீ விட்டிருப்ப."

திரும்ப ஓட விட்டேன். திரும்ப அம்மா, திரும்ப நாய், திரும்ப முத்தம்.

மாவ்பி ஆன்ட்டி முன்னால் குனிந்தார். "நடுவுல ஏதோ ஒரு பேர ரெண்டு வாட்டி சொன்னாங்களே. அது யாரு?"

"நாய்" என்றேன்.

"ஓ" என்றார். கூடையைக் காலால் கொஞ்சம் உள்ளே தள்ளிக்கொண்டு மோஹிங்காவைச் சாப்பிட ஆரம்பித்தார்.

பெரியம்மா என் நாற்காலிப் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டாள். "இனிமே இந்தம்மா கக்கூஸ்னு சொன்னா நான் வாயத் திறக்க முடியாதுல்ல?"

எனக்கு எரிந்தது. யார் மேல் என்று கேட்டால், எல்லோர் மேலும். நாய் வளர்க்கும் அந்தப் பச்சைக் கவுன், ஒழுங்கு தெரிந்த வெள்ளைக்காரர்கள் என்று நம்பின சயா, சக்கரக் கொடி, அம்மாவிடம் விளக்கமாகச் சொல்லித் தொலைக்காத அக்கா. லேப்டாப்பை மூடிவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று எழுந்தேன்.

சயா என் கையிலிருந்து மைக்கை வாங்கினார். முகம் சிவந்திருந்தது. பெயர் விட்டுப்போன வீட்டுக்காரர்கள் மட்டும்தான் அந்த மாதிரி பார்ப்பார்கள், அவர் பார்த்து நான் கண்டதில்லை.

"உங்க அக்காவுக்குப் போன் போடு" என்றார்.

அங்கே விடியக்கூட இல்லை. ஆனால் அக்கா எடுத்தாள். ஞாயிறும் ஷூட்டிங்காம், வண்டியில் போய்க்கொண்டிருந்தாள். வீடியோ இழுத்து இழுத்து நின்றதால் குரல் மட்டும் வைத்தோம். சயா போனை மைக்கோடு சேர்த்துப் பிடித்தார். விருது கிடைத்தது தெரியுமா என்று கேட்டார். எழுந்ததும் மெசேஜ் பார்த்தேன் என்றாள். ஏன் மேடைக்குப் போகவில்லை என்று பெரியம்மா குறுக்கே கேட்டாள். விழாவுக்குத் தங்களை யாரும் கூப்பிடவில்லை என்று அக்கா சாதாரணமாகச் சொன்னாள், பஸ் வரவில்லை என்று சொல்வதைப் போல.

"அந்த வேன்ல எத்தனை பேரும்மா நீங்க?" என்றார் சயா.

"நாலு பேர் சயா. ஏன்?"

"பேரச் சொல்லு. யாரு என்ன வேலைன்னு சேத்துச் சொல்லு."

"எல்லாரும் எல்லாம் செய்வோம் சயா."

"அப்படி வாசிக்க முடியாது. ஒருத்தருக்கு ஒண்ணு சொல்லு."

இதைத்தான் சொல்கிறேன், எங்கள் ஆட்களுக்குப் பைத்தியம். விருது வாங்கிக்கொண்டு அந்த அம்மாள் நாயைக் கட்டிப் பிடித்துத் தூங்கிக்கொண்டிருப்பார். இங்கே ஒரு ரிட்டயர்டு கிளார்க், முன்பின் பார்க்காத அயர்லாந்துப் பெண்களின் பெயர்களை என்னைத் தமிழில் எழுதச் சொல்லி வாங்கி, தெருவைப் பார்த்து வைத்திருக்கும் ஒலிபெருக்கியையும் போடச் சொன்னார். திருவிழா பாணியிலேயே ஆரம்பித்தார். பொய்முடி சீவியது, இன்னார். ஹால், இறைவனுக்கு நன்றி. பல்லுக்குக் கறை பூசியது, இன்னார். இறைவனுக்கு நன்றி. நகத்துக்குள் சேறு வைத்தது, இன்னார். அந்தப் பெயர்களை அவர் படுத்திய பாட்டில் அந்தப் பெண்களின் சொந்த அம்மாக்களுக்கே அடையாளம் தெரிந்திருக்காது. எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் யாரோ செத்துவிட்டார்களோ என்று எழுந்து நின்று பார்த்தார்கள்.

கடைசியாக, "கன்னத்துக் காயம்" என்று சொல்லி நிறுத்தினார். அக்காவின் பெயரை ஞானஸ்நானப் பெயர், தகப்பன் பெயர், தெருப் பெயர் எல்லாம் சேர்த்து வாசித்தார். அதற்கு மட்டும் இறைவனுக்கு நன்றி கொஞ்சம் சத்தமாக வந்தது. வண்டி ஓடும் சத்தம் மட்டும் மைக்கில் கேட்டது.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "நாய் பேரையும் சேத்துக்கலாமா சயா?" என்றேன்.

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "அது என்ன குடுத்துச்சு?"

"ஒண்ணும் குடுக்கல."

"அப்புறம் எதுக்கு வாசிக்கணும்?" என்று மைக்கை அணைத்தார்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லப்போவதில்லை. சயா வாசித்தது சயா வாசித்ததுதான், திரையில் வந்தது இல்லை. மாவ்பி ஆன்ட்டியும் நன்றி சொன்னார், கூட்டத்தோடு கூட்டமாக. ஆனால் படியிறங்கும்போது, இவர் நம் ஆள், யார் பெயரை வேண்டுமானாலும் வாசிப்பார் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னதை நானே கேட்டேன். பெரியம்மாவும் கேட்டாள். பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மடமடவென்று நடந்துவிட்டாள்.

எங்கள் சேனலில் ஒரு வழக்கம் உண்டு. எபிசோடு முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் அட்மின் வெட்டிவிடுவான். டேட்டா மிச்சம், யார் அதையெல்லாம் பார்க்கிறார்கள் என்பான். பெரியம்மா வீட்டில் பார்த்ததெல்லாம் அந்த வெட்டின காப்பிதான். கடைசி எபிசோடை வெட்டாமல் அனுப்பு என்று அவனிடம் கேட்டேன். ஃபோல்டர் கிடக்கிறது, நீயே எடுத்துக்கொள், எதற்கு என்றான். பபேடானில் ஒரு பொம்பளை பார்க்க வேண்டும் என்றேன். சிரித்தான். சிரித்துவிட்டுப் போகட்டும்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் பெரியம்மா நேராகப் படிக்கட்டுக்குப் போய் மாவ்பி ஆன்ட்டி கையைப் பிடித்தாள். டீ குடித்துவிட்டுப் போகலாம் வாங்க என்று சொல்லி வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். முழு எபிசோடையும் போட வைத்தாள். மழை, சேறு, இருமல். ஆன்ட்டிக்கு ஒரு எழவும் புரியவில்லை. கீரை வாடிப்போகும், பஸ் போய்விடும் என்று இரண்டு தடவை எழுந்தார். இரண்டு தடவையும் பெரியம்மா பிஸ்கட் தட்டை நீட்டி உட்கார வைத்தாள். கடைசியில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓட ஆரம்பித்தன. நான் காத்திருந்து நிறுத்தினேன்.

ஐந்து பெயர்கள். மேலே பெரிய எழுத்தில் ஒன்று, கீழே சின்ன எழுத்தில் நான்கு. அந்த நான்கில் கடைசி, அக்கா.

பெரியம்மாவுக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான் வரும். எழுந்துபோய்த் திரையில் விரலை வைத்துக் கூட்டினாள். முடித்ததும் விரலை எடுக்காமல் ஆன்ட்டியைத் திரும்பிப் பார்த்தாள். ஆன்ட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே வந்தார். மெதுவாகப் படித்தார். டீயை ஒரு வாய் குடித்தார்.

"மேல பெருசா ஒரு பேரு இருக்கே" என்றார். "அது யாரு?"

"அதுவா" என்றாள் பெரியம்மா. "அந்தம்மா நாய் வளக்குறாங்க."